வாதமும் உண்டு, சிறுநீரகப் புற்றும் உண்டு: இம்யூனோதெரபிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, முழுமையான வழிகாட்டி

என் சித்திக்கு முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மூட்டு ரொம்ப வீங்கினால் ஒரு வாரம் ஸ்டீராய்டு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். விலா வலிக்கு எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டியும் நுரையீரலில் நாலைந்து புள்ளிகளும் தெரிந்தன. பயாப்சி, கிளியர் செல் வகைப் புற்றுநோய் என்றது.

முதலில் போன இடத்தில் கோப்பைப் புரட்டியவர் 'முடக்குவாதம்' என்ற சொல்லைப் பார்த்ததும், "இவங்களுக்கு இம்யூனோதெரபி கிடையாது" என்று மூடிவிட்டார். உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய் மேல் ஏவிவிடும் மருந்து அது. இரண்டாவது இடத்தில், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்" என்றார்கள். காலையில் எழுந்தால் விரலை மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு இடத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் கேட்டார்கள். அங்கேதான் வைத்தியம் ஆரம்பித்தோம்.

'முடியாது' என்பதற்கும் 'ஒன்றும் ஆகாது' என்பதற்கும் நடுவில் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை அது. நான் மருத்துவர் இல்லை. கூடவே அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டவன். உங்கள் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தை நீங்களே மாற்றிக்கொள்வதற்காக அல்ல.

அவிழ்ப்பது எந்தக் கயிற்றை?

நம் ரத்தத்தில் ஓடும் டி செல்களை (நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களை) ஒரு முரட்டுக் காளை என்று வைத்துக்கொள்வோம். அது கண்டதையும் முட்டாமலிருக்க உடம்பே மூக்கணாங்கயிறு போட்டு வைத்திருக்கிறது. பிடி-1 ஒரு கயிறு, சிடிஎல்ஏ-4 இன்னொரு கயிறு. புற்றுக்கட்டி தந்திரமாக பிடி-1 கயிற்றைப் பிடித்து இழுத்துக் காளையை நிறுத்தி வைக்கிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 கயிற்றை அவிழ்க்கிறது. இந்த இரண்டு கயிறுகள் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

முடக்குவாதம் மாதிரி, உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு அந்தக் காளை ஏற்கெனவே சொந்த வயலில் இறங்கி மேய்ந்துவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஸ்டீராய்டும் கொடுத்துத்தான் கட்டிப்போட்டிருக்கிறோம். இப்போது கயிற்றை அவிழ்த்தால் மூன்று விதமான சிக்கல் வரலாம். பழைய வாதம் திரும்பிச் சீறலாம். குடல், கல்லீரல், தைராய்டு என்று புதிய இடத்தில் அழற்சி வரலாம். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: வாதத்தை அடக்கிவைத்திருக்கும் மருந்தே புற்றுநோய் மருந்தின் வேகத்தையும் அடக்கிவிடலாம்.

சிறுநீரகப் புற்றுக்கு இந்த மருந்துகளைக் கொண்டுவந்த பெரிய ஆய்வுகளில், தன்னெதிர்ப்பு நோய் முறுக்கத்தில் இருப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. வெண்புள்ளி, மாத்திரையில் கட்டுப்பட்ட தைராய்டு, டைப் 1 சர்க்கரை போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஆகவே விளம்பரத் தாளில் போட்டிருக்கும் சதவீதம் எதுவும் சித்தி மாதிரி ஆட்களை வைத்து எடுத்ததல்ல. அவர்களைப் பற்றித் தெரிவதெல்லாம் பழைய கோப்புகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வருகிறது. அதில் முக்கியமானது 2020-ல் வெளிவந்தது. சிறுநீரகம், சிறுநீர்ப்பை சார்ந்த புற்றுநோயோடு தன்னெதிர்ப்பு நோயும் இருந்த 106 பேர். அதில் 58 பேருக்குச் சிறுநீரகப் புற்று. மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் பழைய நோய் சீறியது. ஏறக்குறைய அதே அளவு பேருக்குப் புதிய பக்கவிளைவு வந்தது. ஆனால் சீறலால் மருந்தையே நிறுத்த நேர்ந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகப் புற்று உள்ளவர்களில் சுமார் பத்தில் மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது.

2019-ல் பிரான்சிலிருந்து வந்த 112 பேர் கணக்கு இன்னும் கொஞ்சம் கடுமை. 71 சதவீதம் பேருக்குச் சீறலோ புதிய பக்கவிளைவோ ஏதோ ஒன்று வந்தது. 21 சதவீதம் பேருக்கு நிரந்தரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. எதிர்ப்பை அடக்கும் மருந்தோடு சிகிச்சையை ஆரம்பித்தவர்களுக்குப் புற்றுநோய் சீக்கிரம் வளர்ந்தது என்பதும் அதில் தெரிந்தது.

இந்த இரண்டையும் வைத்து நான் புரிந்துகொண்டது இதுதான்: தொந்தரவு வரும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும், பெரும்பாலும் சமாளிக்கலாம்.

படி 1: புற்றுநோய் எவ்வளவு அவசரம்?

வாதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் புற்றுநோய் ரிப்போர்ட்டை முழுதாகப் படியுங்கள். அவசரம் எவ்வளவு என்று தெரியாமல் எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம் என்று கணக்குப் போட முடியாது.

மருத்துவர்கள் ஆறு விஷயங்களை எண்ணுவார்கள்: நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் மருந்து தேவைப்பட்டதா, நோயாளியின் நடமாட்டம் குறைந்திருக்கிறதா, ரத்தசோகை, கால்சியம் அதிகம், நியூட்ரோஃபில் அதிகம், தட்டணு அதிகம். ஒன்றுமே இல்லையென்றால் சாதகமான பிரிவு, ஒன்றோ இரண்டோ இருந்தால் நடுத்தரம், மூன்றும் அதற்கு மேலும் கடுமை. எந்தப் பிரிவு என்று நேரடியாகக் கேளுங்கள்.

சாதகமான பிரிவில், நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் மெதுவாக வளர்கின்றன என்றால், மருந்தே இல்லாமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் ஒரு வைத்திய முறைதான். 2016-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இப்படிக் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 15 மாதம் வரை மருந்து தேவைப்படவில்லை. ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால் அறுவை சிகிச்சையோ குறிவைத்த கதிர்வீச்சோ போதுமாக இருக்கலாம். வாதம் உள்ளவர்களுக்கு இந்த அவகாசம் பெரிய வரம்.

இன்னொரு பக்கம், பயாப்சி ரிப்போர்ட்டில் 'சார்கோமடாய்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்கவே பயமான சொல்; வேகமாகப் பரவும் வகை. ஆனால் இம்யூனோதெரபிக்கு நன்றாக மசிவதும் இதுதான். செக்மேட் 214 ஆய்வில் நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்ற இந்த வகை நோயாளிகளில் பத்தில் ஆறு பேருக்குக் கட்டி சுருங்கியது. பழைய மாத்திரையான சுனிடினிபில் பத்தில் இரண்டு பேர்தான். அப்படி ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கும்போது 'வாதம் இருக்கிறது, வேண்டாம்' என்று ஒதுக்கினால் இழப்பது மிக அதிகம்.

படி 2: எந்தத் தன்னெதிர்ப்பு நோய், இப்போது எந்த நிலையில்?

'ஆட்டோஇம்யூன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோய்கள் இவை.

தைராய்டு சுரப்பு குறைந்து தைராக்ஸின் போடுகிறவர், டைப் 1 சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், வெண்புள்ளி உள்ளவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் தடையே இல்லை. தைராய்டும் கணையத்தின் இன்சுலின் செல்களும் ஏற்கெனவே எரிந்து முடிந்த வீடு. மறுபடி எரிய அங்கே அதிகம் மிச்சமில்லை. மாத்திரை அளவு, ஊசி அளவு மாறலாம், அவ்வளவுதான்.

முடக்குவாதம், சொரியாசிஸ், சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதம், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரென் போன்றவை அடுத்த வரிசை. இவை சீறுவது சகஜம். பிடி-1 மருந்து பெற்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) நோயாளிகள் பற்றிய 2017 ஆய்வொன்றில், மூட்டு சார்ந்த நோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது திரும்பியது. ஆனால் மூட்டு வீக்கமும் தோல் படையும் உயிரைப் பறிப்பவை அல்ல. வலிக்கும், எரிச்சலூட்டும், சமாளித்துவிடலாம்.

குடல் நோய்களான அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் குரோனும் வேறு ரகம். குடல் நோயுள்ள 102 பேரைப் பார்த்த 2020 ஆய்வில் 41 சதவீதம் பேருக்குக் குடல் தொந்தரவு வந்தது. குடல் நோய் இல்லாதவர்களில் அது 11 சதவீதம்தான். நாலு பேருக்குக் குடலில் ஓட்டையே விழுந்தது. பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் இன்னொரு கவலை: கட்டிக்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மாவில் நுரையீரல் தடித்திருப்பவர்கள், ரத்தக்குழாய் அழற்சி உள்ளவர்கள், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்கள் எல்லாரும் இந்த வரிசையில்தான். முடியவே முடியாது என்பதில்லை, ஆனால் அந்தத் துறை நிபுணர் கூடவே இருந்தாக வேண்டும்.

கடைசி வரிசை: தசை சோர்ந்துபோகும் மையஸ்தீனியா கிராவிஸ், தசை அழற்சி, நரம்பைத் தாக்கும் கிலியன் பாரே வந்த சரித்திரம். மையஸ்தீனியா சீறினால் மூச்சுத் தசையே நின்றுபோகலாம். சில சமயம் இதயத்தசை அழற்சியும் தசை அழற்சியும் கூடவே சேர்ந்து வரும். இவர்களுக்கு வேறு வழி முழுவதும் தீர்ந்த பிறகுதான் இந்தப் பேச்சு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் விஷயம் தனி. இந்த மருந்து போட்டால் பத்தில் நாலு பேருக்கு மாற்று உறுப்பை உடம்பு நிராகரித்துவிடுகிறது.

நோயின் பெயர் தெரிந்தால் போதாது, இன்றைய நிலை வேண்டும். சித்தியிடம் மூன்றாவது மருத்துவர் கேட்டது இவ்வளவுதான்: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், கடைசியாக ஸ்டீராய்டு எப்போது, எத்தனை மில்லிகிராம், மூட்டு தவிர நுரையீரலோ கண்ணோ பாதித்ததா. ஆறு மாதமாக அடங்கிக் கிடக்கும் வாதமும் போன வாரம் சீறிய வாதமும் ஒன்றல்ல.

படி 3: இப்போது சாப்பிடும் மருந்துகளை ஒழுங்குபடுத்துங்கள்

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. புற்றுநோய் மருத்துவர் வாத மருந்தைத் தொட மாட்டார். வாத மருத்துவருக்குப் புற்றுநோய்த் திட்டம் தெரியாது. இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் பேச வைப்பது நம் வேலை. நாங்கள் ருமட்டாலஜிஸ்ட் எதிரில் உட்கார்ந்துகொண்டே ஆன்காலஜிஸ்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். பத்து நிமிடம் பேசினார்கள். எங்கள் சிகிச்சையில் மிகப் பயனுள்ள பத்து நிமிடம் அது.

முதல் இலக்கு ஸ்டீராய்டு. தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு மேல் போட்டுக்கொண்டு சிகிச்சையை ஆரம்பித்தால் பலன் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் பலர் ஏற்கெனவே ரொம்ப நோயுற்றிருந்ததும் ஒரு காரணம். ஆனாலும் 10-க்குக் கீழே கொண்டுவருவதே வழக்கம். இதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காது; ரத்த அழுத்தம் விழுந்து மயங்குவார்.

அடுத்தது, எதிர்ப்பு மொத்தத்தையும் அமுக்கும் மருந்துக்குப் பதிலாக அந்த நோய்க்கு மட்டும் குறி வைக்கும் மருந்துக்கு மாற முடியுமா என்று பார்ப்பது. குடல் நோய்க்கு வெடோலிசுமாப் இருக்கிறது. அது பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும். வாதத்துக்கு டோசிலிசுமாப் போன்றவை உண்டு. அதிலும் ஒரு சங்கடம்: டோசிலிசுமாப் போட்டவருக்குத் தொற்று வந்தாலும் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்த எண்) ஏறாது, காய்ச்சலும் அடங்கியே இருக்கும். குடல் பலவீனமானவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். இப்படி மாற்றினால் புதிய ஏற்பாடு நிலைக்கிறதா என்று பார்க்க இரண்டு முதல் நாலு வாரம் விட்டுத்தான் முதல் ஊசி.

சித்திக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினார்கள். சிறுநீரக வேலை குறைந்திருந்தது. அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கல்லீரலைத் தொடக்கூடிய மருந்து வேறு இரண்டு புதிதாக வரப்போகின்றன. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடர்ந்தது. இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடிய மருந்து என்பதால் ஒரு ஈசிஜி எடுத்தார்கள்.

பையில் கிடக்கும் மற்ற மாத்திரைகளையும் கொட்டிக் காட்டுங்கள். வயிற்றெரிச்சலுக்கென்று வருடக்கணக்காகப் போடும் பான்டோப்ரஸோல், ஒமிப்ரஸோல் வகைகள் இந்தச் சிகிச்சையில் சிறுநீரக அழற்சி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. சீந்தில் கொடியை 'எதிர்ப்பு சக்திக்கு' என்று கொரோனா காலத்தில் ஆரம்பித்து இன்னும் நிறையப் பேர் விடவில்லை. அதனால் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் எதையும் இந்த நேரத்தில் தொட வேண்டாம். மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத பொடியும் உருண்டையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

படி 4: எந்தக் கூட்டணி?

பரவிய கிளியர் செல் புற்றுக்கு இன்று முதல் சிகிச்சையாக இரண்டு வழி. ஒன்று, நிவோலுமாபும் இபிலிமுமாபும்: இரண்டு கயிற்றையும் சேர்த்து அவிழ்ப்பது. மூன்று வாரத்துக்கொரு முறை நாலு தடவை, பிறகு நிவோலுமாப் மட்டும். இன்னொன்று, ஒரு பிடி-1 மருந்தோடு கட்டியின் ரத்தக்குழாயை அடைக்கும் மாத்திரை: பெம்ப்ரோலிசுமாபும் ஆக்ஸிடினிபும், நிவோலுமாபும் கபோசான்டினிபும், பெம்ப்ரோலிசுமாபும் லென்வாடினிபும்.

இபிலிமுமாப் சேர்ந்தால் தன்னெதிர்ப்புத் தொல்லை வெகுவாகக் கூடும். செக்மேட் 214-ல் எதிர்ப்பு சார்ந்த பக்கவிளைவு வந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதிக அளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டது. அவர்கள் தன்னெதிர்ப்பு நோய் முறுக்கத்தில் இல்லாதவர்கள். அதனால் வாதம் உள்ளவருக்கு இரண்டாவது வழியையே பலரும் நாடுகிறார்கள். ஆனால் மாத்திரைக்கும் குணம் உண்டு. ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழும். லூபஸ் சிறுநீரகம் உள்ளவருக்கும் குரோன் நோயாளிக்கும் இது சின்ன விஷயமல்ல.

நடுவில் ஒரு சந்து உண்டு: பிடி-1 மருந்து மட்டும் தனியாக. கீநோட் 427 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்ற 110 பேரில் 36 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கூட்டணி அளவுக்கு வலுவில்லை. ஆனால் தொந்தரவு வந்தால் யார் செய்த வேலை என்பதில் குழப்பமே இருக்காது. வேண்டாம், கயிற்றைத் தொடவே பயமாக இருக்கிறது என்ற நிலையில் கபோசான்டினிப், சுனிடினிப், பசோபானிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. மையஸ்தீனியா உள்ளவருக்கு நான் முதலில் கேட்பது அதைத்தான். எதிர்ப்பு மண்டலத்தோடு சம்பந்தமே இல்லாத பெல்சுடிஃபான் என்ற மாத்திரைக்கு 2023 இறுதியில் அமெரிக்காவில் இந்தப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகள் பயன்படாத பிறகு கொடுப்பது.

செலவு லட்சங்களில் ஓடும். நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். 'குறைந்த டோஸ் போட்டால் காசும் மிச்சம், வாதமும் எகிறாது' என்று ஒரு கணக்கு நடமாடுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-ல் 20 மில்லிகிராம் நிவோலுமாப் வைத்து நல்ல பலன் காட்டியது தலை, கழுத்துப் புற்றுநோயில், சிறுநீரகத்தில் அல்ல. தவிர, பிடி-1 மருந்தின் பக்கவிளைவு டோஸைப் பொறுத்துப் பெரிதாகக் கூடிக் குறைவதில்லை. சிறிய அளவிலேயே கயிறு முழுக்க அவிழ்ந்துவிடுகிறது. காசுக் கணக்கு சரியாக இருக்கலாம், வாதக் கணக்கு தப்பு.

படி 5: கோடு போட்டு வைக்கும் பரிசோதனைகள்

பின்னால் ஏதாவது மாறினால் 'முன்பு எப்படி இருந்தது' என்று தெரிய வேண்டும். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, காலை கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), சர்க்கரை, கல்லீரல், கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், ரத்த அணுக்கள், ட்ரோபோனின் (இதயத்தசைக்கு), சிபிகே (தசைக்கு), ஈசிஜி, நெஞ்சு சிடி. ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, காசநோய்க்கான சோதனை கட்டாயம். நாளைக்குக் குடல் சீறி, அதை அடக்க இன்ஃப்ளிக்சிமாப் ஊசி தேவைப்பட்டால் அந்த நள்ளிரவில் காசநோய் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை முன்பே போட்டுக்கொள்ளலாம்.

படி 6: திட்டத்தை எழுதி வாங்குங்கள்

ஒரே ஒரு தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை:

- மூட்டு சீறினால் முதலில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் வரை, யார் எழுதுவது
- எந்த அளவுக்கு மேல் போனால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவது, எதற்கு நிரந்தரமாக நிறுத்துவது
- ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்வது

மூன்றாவதற்குப் பதில் 'எமர்ஜென்சிக்கு வாங்க' என்பது மட்டுமே என்றால் திருப்தி அடையாதீர்கள். எமர்ஜென்சியில் இருப்பவர் பேதி என்றால் பேதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

படி 7: முதல் மூன்று மாதம்

பழைய நோய் சீறுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி தினமும் ஐந்து விஷயம் எழுதினோம்: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வெளிக்கு எத்தனை முறை, ரத்த அழுத்தம், எடை, ஐந்தாவதாக, காப்பி டம்ளரை ஒரு கையால் தூக்க முடிந்ததா.

அந்த ஐந்தாவது என் யோசனை. அதுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள் காலை, சித்தி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "ஆறட்டும்டா, அப்புறம் குடிக்கிறேன்" என்றார். ஏற்கெனவே ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நோட்டில் '15 நிமிடம்' என்று அவரே எழுதியிருந்தார். விரல் கணுக்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. கேட்டபோது, "சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்கல்ல?" என்றார்.

இதை எல்லா வீட்டிலும் எதிர்பாருங்கள். நோயாளி பொய் சொல்வது அலட்சியத்தால் அல்ல, பயத்தால். அன்றைக்கே போனோம். பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் ஆரம்பித்து, மூன்றாவது ஊசியை ஒரு வாரம் தள்ளினார்கள். பத்து நாளில் டம்ளர் ஒரு கைக்கு வந்தது. ஊசி நிற்கவில்லை. பக்கவிளைவை அடக்க இடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு புற்றுநோய்ப் பலனை அழித்துவிடுவதாகத் தெரியவில்லை என்பதை முதல் நாளே நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டு வேறு, நடுவில் வைத்தியமாக வரும் ஸ்டீராய்டு வேறு.

ஆறு வாரத்துக்கொரு ஊசி என்ற அட்டவணை கொடுத்தாலும் முதல் மூன்று மாதம் மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனைக்குப் போய்வருவது நல்லது.

படி 8: இது யார் வேலை?

நாலாவது மாதம் சித்திக்கு ஒரே நாளில் ஐந்து தடவை வெளிக்குப் போயிற்று. ஊசியால் வந்த குடல் அழற்சியா, ஊசியோடு சேர்த்துக் கொடுத்த ஆக்ஸிடினிப் மாத்திரையா? முதலாவதற்கு ஸ்டீராய்டு வேண்டும், இரண்டாவதற்கு மாத்திரையை நிறுத்தினால் போதும். மருத்துவர் சொன்னபடி ஆக்ஸிடினிபை நிறுத்தினோம். அது சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும் மருந்து. மூன்றாம் நாள் வயிறு சரியாகிவிட்டது. ஆக, குற்றவாளி மாத்திரைதான். கபோசான்டினிபாக இருந்தால் இந்தத் தந்திரம் இவ்வளவு சீக்கிரம் பலிக்காது. அது பல நாள் உடம்பில் தங்கும். கல்லீரல் எண்கள் ஏறினாலும் இதே கேள்வி, இதே வழி. ரத்தமோ சளியோ வயிற்று வலியோ காய்ச்சலோ கூட இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

பொதுவாகக் கணக்கு இப்படி: லேசானது என்றால் தொடர்வார்கள். நடுத்தரம் என்றால் ஊசியை நிறுத்தி வைத்து எடைக்கு ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் பிரெட்னிசோலோன். கடுமை என்றால் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம், அதை நாலு முதல் ஆறு வாரம் வரை மெதுவாகக் குறைப்பது. 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதம் போனால் நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்ஸசோல் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டுக்கு மசியாத குடலுக்கு இன்ஃப்ளிக்சிமாபோ வெடோலிசுமாபோ. கல்லீரல் என்றால் இன்ஃப்ளிக்சிமாபைத் தவிர்த்து மைகோஃபினோலேட்.

அன்றைக்கே ஓட வேண்டியவை: நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை, தசை முழுவதும் வலி. இதயத்தசை அழற்சி நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை, ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் வரும், காத்திருக்காது. தீராத தலைவலி, படுக்கையை விட்டு எழ முடியாத அசதி, சோடியம் குறைவு என்றால் பிட்யூட்டரியையோ அட்ரினலையோ சந்தேகப்பட வேண்டும். இங்கே ஒரு வரிசை உண்டு: கார்டிசாலும் தைராய்டும் இரண்டுமே குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் ஆள் சாய்ந்துவிடுவார்.

படி 9: நிறுத்திய பிறகு

சீறல் தாங்காமல் பாதியில் நிறுத்த நேர்ந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். பக்கவிளைவால் இடையில் நிறுத்தியவர்களில் பலருக்குக் கட்டி மேலும் பல மாதம் அடங்கியே இருந்திருக்கிறது. பின்னாளில் நோய் வளர்ந்தால் அதே வகை மருந்தை மறுபடி சேர்ப்பதால் பெரிதாக லாபமில்லை என்பதை 2023-ல் வந்த கான்டாக்ட்-03 ஆய்வு காட்டியது. ஒருமுறை சீறிப் பார்த்த வாதக்காரர், வெறும் நப்பாசையில் இரண்டாம் முறை கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசி நின்றாலும் மருந்து உடனே போகாது. நிவோலுமாப் ரத்தத்தில் பாதியாகவே 25 நாள் ஆகும். டி செல்லில் ஒட்டியது இன்னும் பல வாரம் இருக்கும். புதிய பக்கவிளைவு நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். ஆகவே சிகிச்சை முடிந்த பிறகும் மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, மருத்துவரின் எண் எழுதிய அட்டை பர்ஸில் இருக்க வேண்டும்.

சித்தி இரண்டு வருடம் முழுதாகப் போட்டு முடித்தார். நுரையீரல் புள்ளிகளில் இரண்டுதான் மிச்சம், அவையும் வளரவில்லை. முடிந்து ஐந்தாவது மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தலை சுற்றிப் பக்கத்து கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர், "வெயில்தான், ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்றிருக்கிறார். சித்தி ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, எழுதி வைத்திருந்த சீட்டில் சோடியம், கார்டிசால் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தாராம்.